கிழக்குச் சுவரில் பதினோரு கண்ணாடி

கண்ணாடி உடைகிற சத்தத்தை வைத்தே, உடைந்தது ஜன்னலா, அலமாரியா, படச்சட்டமா என்று கண்ணாடிக்காரர் சொல்லிவிடுவார். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைக்குள் உட்கார்ந்திருப்பார். எங்கோ சலீர் என்று கேட்கும். "மூணு மில்லி. குளியலறை ஜன்னல். காலையில வந்துருவாங்க" என்பார், தலையைத் திருப்பாமல். மறுநாள் காலையில் யாராவது ஜன்னல் அளவைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

"அடுத்தவங்க வீட்டுல எதாவது உடைஞ்சாத்தான் நம்ம வீட்டுல அடுப்பு எரியுது. என்ன பொழப்புங்க இது?" என்று அவர் மனைவி சிரிப்பாள்.

முப்பது வருஷத் தொழிலில் அவர் பொருத்திய கண்ணாடி தானாக உடைந்ததாக யாரும் சொன்னதில்லை. பந்து பட்டு உடையலாம், காற்றில் கதவு அடித்து உடையலாம். சும்மா இருக்கிற கண்ணாடி சும்மா உடைந்தால் அது பொருத்தினவனின் குற்றம் என்பது அவர் கட்சி. அப்படி ஒன்று நடந்தால் கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசமாட்டார்.

அந்த ஊரின் பெரிய தபாலாபீஸ் இருபத்திரண்டு வருஷம் பூட்டிக் கிடந்தது. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய ஒரு மாடிக் கட்டடம். கீழே நீளமான கூடம், மேலே அதே அளவில் இன்னொரு கூடம், நடுவில் அகலமான மரப்படி, முகப்பில் நின்றுபோன கடிகாரம். யாரோ வாங்கி இடித்துவிட்டுக் கடைகள் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது ஊர் ஒரு கூட்டுறவுச் சங்கம் சேர்த்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பங்கு போட்டார்கள். ஒரு பங்கு வைத்தவருக்கும் ஐம்பது பங்கு வைத்தவருக்கும் ஒரே ஓட்டு. அந்தக் கட்டடத்தில் கடைசியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் தலைவர். வீடு வீடாக ஏறி இறங்கிப் பங்கு சேர்த்த கண்ணாடிக்காரரின் மனைவி செயலாளர்.

அவள் பேச்சில் ஒரு நம்பகம் உண்டு. ஒன்றைப் பத்தாகச் சொல்லமாட்டாள். எதிர்சாரியில் டீக்கடை வைத்திருந்த அம்மா, கடைக்கு இன்னொரு அடுப்பு வாங்க வைத்திருந்ததை எடுத்து அவள் கையில் கொடுத்தபோது, "கட்டடத்துக்காகக் குடுக்கல. உன் மூஞ்சிக்காகக் குடுக்கறேன்" என்றாள். அதைச் செயலாளர் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குதாரர்கள் துடைப்பமும் வாளியும் எடுத்துக்கொண்டு வருவார்கள். தனக்குச் சொந்தமான இடம் என்ற நினைப்பு அவர்களை ஒரு மாதிரி ஆட்டிவைத்தது. ஒருவர் படிக்கட்டின் மூன்றாம் படியை மட்டும் வாராவாரம் மெழுகு போட்டுத் துடைத்தார். ஒரு டீச்சர் இரண்டு ஜன்னல்களைத் தத்தெடுத்துக்கொண்டாள். ஒரு ஆணி துருத்திக்கொண்டிருந்தால் நாலு சுத்தியல் வந்து நிற்கும். பழுதைப் பார்த்ததும் சரிசெய்துவிடுவார்கள். பார்த்தேன் என்று யாரிடமும் சொல்லமாட்டார்கள். நம்ம வீட்டில் ஒரு பல்பு மாற்றினால் ஊரைக் கூட்டியா சொல்வோம்?

கிழக்குச் சுவரில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார். வெளியூர்க்காரர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். அந்தச் சுவருக்கு அடியில் எந்தக் காலத்திலோ ஓடிய வாய்க்காலை மூடிவிட்டுக் கட்டியிருந்தார்கள். சுவரில் பதினோரு இடத்தில் வெடிப்பு இருந்தது. இன்ஜினியர் நிர்வாகக் குழு ஐந்து பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"வெடிப்பு பழசா புதுசாங்கறது முக்கியம் இல்ல. சுவர் இப்பவும் நகருதா, நின்னுடுச்சாங்கறதுதான் கேள்வி. ஒவ்வொரு வெடிப்புக்கும் குறுக்க ஒரு மெல்லிசுக் கண்ணாடித் துண்டு. ரெண்டு முனையும் பிளாஸ்டர்ல இறுக்கிப் பிடிச்சிருக்கணும். சுவர் ஒரு முடி அளவு நகர்ந்தாலும் கண்ணாடி உடைஞ்சிடும். உடைஞ்சா அன்னிக்கே எனக்குப் போன். ஒரு மழைக்காலம் முழுக்க உடையாம இருந்தா, மேல்கூடத்துல தைரியமா ஆள் ஏத்தலாம்."

செயலாளர் ஒரு நோட்டில் ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டாள். திங்கட்கிழமைதோறும் போய்ப் பார்த்து எழுதுவது அவள் பொறுப்பு.

கண்ணாடிக்காரர் அந்தக் கூட்டத்தில் இல்லை. மறுநாள் இன்ஜினியர் கடைக்கு வந்து, "சாண் நீளம், ரெண்டு விரல் அகலம், உள்ளதிலேயே மெல்லிசா பதினொன்னு வேணும். ரெண்டு முனையும் பிளாஸ்டர்ல ஒட்டிடுங்க" என்று வெடிப்புகளைக் காட்டிவிட்டு பஸ் பிடிக்க ஓடினார். பூச்சியும் தண்ணீரும் உள்ளே போகாமல் இருக்க வெடிப்பை மூடுகிறார்கள் என்று கண்ணாடிக்காரர் எடுத்துக்கொண்டார். சொந்த வேலை மாதிரிச் செய்தார். ஓரங்களைத் தேய்த்து மழுக்கி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, இரண்டு முனையும் கோட்டில் உட்காருகிற மாதிரி ஒட்டினார். கூலி வாங்கவில்லை.

"செயலாளரம்மா, பார்த்துக்கோ. நூறு வருஷத்துக்கு நிக்கும்."

"நின்னா சரி" என்றாள் அவள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஒட்டியது நல்ல வெயில் காலத்தில். முதல் மழை பெய்த வாரம் ஏழாம் எண் உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை வாளியோடு வந்த டீக்கடைக்காரம்மாதான் பார்த்தாள்.

"என்ன கண்ணாடிக்காரரே, பொண்டாட்டி செயலாளரா இருந்தா ஓட்டைக் கண்ணாடியெல்லாம் சங்கத்துத் தலையில கட்டிடலாம் போல?"

"ஓசிக்குக் குடுத்தேன்க்கா."

"ஓசிங்கறதாலதான் உடைஞ்சதோ என்னவோ!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் வேடிக்கைக்குத்தான் சொன்னாள். ஆனால் அவருக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. தன்னைச் சொன்னால் பரவாயில்லை, மனைவியின் பெயரை அல்லவா இழுக்கிறாள்? மறுநாள் திங்கட்கிழமை. நோட்டை எடுத்துக்கொண்டு வருவாள். அவள் கண்ணில் படுவதற்கு முன்னால் மாற்றிவிட்டார்.

ஏன் உடைந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பிளாஸ்டரில் இறுக்கியது தப்பு. கண்ணாடிக்கு மூச்சுவிட இடம் வேண்டும். வெயிலுக்கும் குளிருக்கும் மரம் அசையும், சட்டம் அசையும், அதனால்தான் ஜன்னல் கண்ணாடியைச் சுண்ணப்பொடியும் எண்ணெயும் பிசைந்த பட்டியில் உட்காரவைக்கிறோம். கண்ணாடித் தொழிலில் முதல் பாடமே அது. பாவம், இன்ஜினியர் கல்லும் இரும்பும் படித்தவர், கண்ணாடி அவருக்கு எங்கே தெரியும்? அந்த ஒரு மாதத்துக்குள் பதினொன்றையும் பிளாஸ்டரிலிருந்து பெயர்த்து, மிருதுவான பட்டியில் மாற்றி ஒட்டினார். பட்டி காய்ந்து இறுகிவிடாமல் கூடுதலாக இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். மேலே வெள்ளை பூசினார். பார்த்தால் பிளாஸ்டர் மாதிரியேதான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றுகூட உடையவில்லை.

செயலாளர் திங்கட்கிழமைதோறும் போனாள். முழுசு, முழுசு, முழுசு என்று பதினொரு முறை எழுதினாள். மாதக் கடைசியில் இன்ஜினியருக்குப் போன் போட்டாள். "பதினொன்னும் முழுசுங்க சார்." மழை வலுத்தது. கூரைத் தகரங்கள் இரவெல்லாம் பேசின. தெருச் சாக்கடை நிரம்பிக் கிழக்குச் சுவரின் ஓரமாகச் சுழித்தது. அவள் குடையோடு போய்ப் பார்த்தாள். முழுசு. இன்ஜினியருக்கு இடுப்பில் ஏதோ வைத்தியம், இரண்டு முறை வரமுடியவில்லை. "உங்க நோட்டை நம்பித்தான் சொல்றேன்மா. மேல்கூடத்து வேலையை ஆரம்பிங்க" என்றார் போனில். அவள் போனை வைத்துவிட்டுச் சமையலறையில் கொஞ்ச நேரம் தனியாக நின்று சிரித்துக்கொண்டாள்.

மேல்கூடத்தில் பாதியை அவர்களுடைய மகள் வாடகைக்கு எடுத்தாள். ஆறு தையல் மிஷின் போட்டு, நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு தொழில் தொடங்க இடம் தேடிக்கொண்டிருந்தவள். அவள் கணவன் தச்சன். மேல்கூடத்துக் கதவும் ஜன்னலும் அலமாரிகளும் அவன் கைவேலை. சனிக்கிழமை திறப்பு என்று நாள் குறித்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் மேலே ஏறி உட்காருவதற்கு நாற்காலிகள் வரவழைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம், கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் மூன்று பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெளியே மழை விடாமல் பிசுபிசுத்தது. மேசையில் வேகவைத்த முட்டையும் உருளைக்கிழங்கும் ரொட்டியும் இருந்தன. மகள் வரவில்லை. மிஷின்களை இறக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று மருமகன் சொன்னான். அவளுக்கும் உதவிக்கு இருப்பவர்களுக்கும் எடுத்துப்போகத் தூக்கு கொண்டுவந்திருந்தான்.

"அவ காலையில ஒரு டீ குடிச்சதோட சரி அத்தை. 'சாப்பிட வா'ன்னா, 'நீங்க தின்னுட்டு வாங்க, நான் மிஷினைத் தின்னுக்கறேன்'ங்கறா."

"அப்படியே அவ அம்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

"அம்மாவைச் சொல்லலன்னா உங்களுக்கு உருளைக்கிழங்கு இறங்காதே" என்று அவர் தட்டில் இன்னொன்றை வைத்தாள் செயலாளர். "மாப்பிள்ளை, மேல்கூடத்துக் கதவு ஆயிடுச்சா? நேத்து தேய்ச்சுக்கிட்டு இருந்ததே?"

"அதை ஏன் கேக்கறீங்க. மூணாவது தடவை இழைச்சாச்சு. இன்னிக்குக் காலையில இழைச்சேன். வழவழன்னு மூடிச்சு. பத்து மணிக்குப் போய்ப் பாக்கறேன், மறுபடியும் மேல இடிக்குது. மரம் ஈரம் குடிச்சுருக்கு போல."

"நல்லாக் காய்ஞ்ச மரம்னு சொன்னீங்களே?"

"காய்ஞ்ச மரந்தான். அதான் எனக்கே அசிங்கமா இருக்கு. வெளிய சொல்லாதீங்க அத்தை. என் கதவு இடிக்குதுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் வேலை குடுப்பான்?"

கண்ணாடிக்காரர் ரொட்டியை மென்றுகொண்டே தலையாட்டினார். மருமகன் மேல் அவருக்கு அன்று ஒரு தனிப் பிரியம் வந்தது. தன் மாதிரியே ஒருவன்.

"மாப்பிள்ளை, உங்களுக்குக் கதவு. எனக்குக் கண்ணு" என்றார். "கண் டாக்டரைப் பாக்கணும். என் அளவு தப்புது."

"உங்க அளவா? தப்புதா?" மருமகன் சிரித்தான்.

"சிரிக்காதீங்க. முப்பது வருஷத்துல தப்பினதில்ல. பென்சில் கோட்டுக்குக் கோடு வெட்டி ஒட்டறேன். ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா ஒரு முடி அளவு குட்டையா நிக்குது. கோடு ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். மறுபடி அளந்து கொஞ்சம் நீட்டி வெட்டறேன். அடுத்த வாரம் அதுவும் குட்டை. இந்த வாரத்துல மட்டும் நாலு மாத்தினேன். இதோ பாருங்க."

சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய இரண்டு கண்ணாடித் துண்டுகளை எடுத்தார். தட்டை நகர்த்திவிட்டு மேசையில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஒரு முனையை விரலால் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தார்.

"இது முதல் மழை வாரத்துல வெட்டினது. இது இன்னிக்கு வெட்டினது. ஒரே இடந்தான்."

மறுமுனையில் புதுத் துண்டு ஒரு தீக்குச்சிப் பருமன் நீட்டிக்கொண்டிருந்தது.

செயலாளர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவது நின்றது.

"எந்த இடம்?" என்றாள்.

"நம்ம தபாலாபீஸ்தான்மா. கிழக்குச் சுவர். ஏழாம் நம்பர்."

"நீங்க... கண்ணாடியை மாத்தினீங்களா?"

அவர் முகத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் சிரிப்பு வந்தது. "உனக்குத் தெரிய வேணாம்னுதான். முதல் மழையில ஒன்னு உடைஞ்சுது. டீக்கடைக்காரம்மா நாலு பேர் முன்னாடி உன்னைச் சேத்துப் பேசினா. அப்புறம் எல்லாத்தையும் பட்டியில உக்காரவச்சுட்டேன். அதுக்கப்புறம் ஒன்னாவது உடைஞ்சுதா சொல்லு? ஞாயித்துக்கிழமை போய்க் குட்டையானதை மாத்திடுவேன். திங்கக்கிழமை நீ பாக்கும்போது பளிச்சுனு இருக்கும்."

மழைச் சத்தம் அதுவரை கேட்காத மாதிரி இப்போது கேட்டது.

"உங்க கண்ணுக்கு ஒன்னுமில்லைங்க" என்றாள். குரல் கீழே இறங்கியிருந்தது. "கண்ணாடி குட்டையாகல. வெடிப்பு அகலமாயிருக்கு. அது உடையறதுக்குன்னே வச்ச கண்ணாடி."

அவர் இரண்டு துண்டுகளையும் பார்த்தார். விரலை எடுத்தார். துண்டுகள் மேசையில் நழுவி மெல்லச் சத்தமிட்டன.

மருமகன் எழுந்துவிட்டான். "கதவு" என்றான். தூக்கை அங்கேயே விட்டுவிட்டு ஓடினான்.

அவள் இன்ஜினியருக்குப் போன் போட்டாள். கண்ணாடி, பட்டி, தீக்குச்சி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "எத்தனை பேர் உள்ள இருக்காங்க?" என்றார். "அம்பது அறுபது பேர் இருப்பாங்க சார். நாற்காலி ஏத்தறாங்க." "எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வாங்க. நான் கிளம்பறேன். வர நாலு மணி நேரம் ஆகும். அதுக்காகக் காத்திருக்காதீங்க."

தபாலாபீசுக்கு மூன்று தெரு. ஒரே குடையில் நடந்தார்கள். அவர் தோளில் கருவிப் பை தொங்கியது, எடுத்தது அவருக்கே நினைவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் அவர், இரண்டாவது தெருவில்.

"ஒட்டினது நீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்கும்னு எனக்கு எப்படித் தோணும்?" என்றாள் அவள். பிறகு, "நீங்க ஏன் சொல்லல?" என்றாள்.

அவர் குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

கீழ்க்கூடத்தில் புதுச் சுண்ணாம்பு வாசனையோடு ஈர மண் வாசனையும் இருந்தது. கிழக்குச் சுவரின் அடியில் ஒரு பெண் மணலைப் பெருக்கி அள்ளிக்கொண்டிருந்தாள். "எவ்வளவு கூட்டினாலும் வருதுங்க செயலாளரம்மா. எலி பறிக்குது போல" என்றாள். முறத்தில் இரண்டு கை மணல் இருந்தது. மேலே நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் கூரை முழுக்க உருண்டது.

போஸ்ட் மாஸ்டர் படிக்கட்டின் நடுவில் நின்று யார் எங்கே உட்காருவது என்று காகிதத்தில் குறித்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இன்ஜினியர் எழுத்துல குடுத்தாரா?"

"போன்ல சொன்னார் சார். எல்லாரையும் இறக்குங்க."

"செக்ரட்டரியம்மா, பதட்டப்படாதீங்க. இந்தத் திங்கக்கிழமை வரைக்கும் முழுசு முழுசுன்னு நீங்கதானே எழுதினீங்க? முப்பது வாரக் கையெழுத்து இருக்கு. நாளைக்குத் திறப்பு. இது என் சொத்து இல்ல, உங்க சொத்து இல்ல. உறுப்பினர்கள் முடிவு பண்ணட்டும்."

அவர் மணியை அடித்தார். தபால் கட்டும் நேரத்துக்கு அடிக்கிற பழைய மணி. மேலே இருந்தவர்கள் படியில் இறங்கி வந்து கூடத்திலும் படிக்கட்டுக் கைப்பிடி ஓரத்திலும் நிரம்பினார்கள். மகளும் மருமகனும் நாலு தையல் பெண்களும் மட்டும் மேலேயே நின்றார்கள். மிஷினைக் கீழே இறக்குவதா வேண்டாமா என்று அவர்களுக்குள் வாக்குவாதம் நடப்பது கேட்டது.

செயலாளர் எல்லார் முன்னாலும் மறுபடி சொன்னாள். "கண்ணாடியை மாத்தினது யாரு?" என்று யாரோ கேட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிக்காரர் முன்னால் வந்தார்.

"நான்தான். எதுக்குன்னு தெரியாம மாத்திட்டேன்."

"அதானே பாத்தேன்" என்றாள் டீக்கடைக்காரம்மா. "புருஷன் சரின்னு ஒட்டுவாரு, பொண்டாட்டி சரின்னு எழுதுவா, நாங்க காசைப் போட்டுட்டு மழையில நிக்கணுமா? இத்தனை நாள் நின்ன சுவரு இன்னிக்குச் சாயங்காலம்தான் விழப்போகுதாக்கும்!"

"அக்கா, உன் காசுக்காகத்தான் சொல்றேன்" என்றாள் செயலாளர்.

"என் காசு அந்தச் சுவத்துல இருக்கு. உன் பேச்சுல இல்ல இப்போ."

அந்த வார்த்தை போய் விழுந்த இடம் கண்ணாடிக்காரருக்குத் தெரிந்தது. மனைவியின் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"வெளியேறணும்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க" என்றார் போஸ்ட் மாஸ்டர்.

"சார், சுவர் ஓட்டு எண்ணிட்டா விழும்?" என்று அவள் கத்தினாள். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒன்பது கைகள் உயர்ந்தன. எதிராகத் தூக்கிய கைகளைப் போஸ்ட் மாஸ்டர் பென்சில் முனையால் ஒவ்வொன்றாக எண்ணினார். நாற்பத்தொன்று. "இன்ஜினியர் வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் வேலை நடக்கட்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆட்கள் மறுபடி படியேறத் தொடங்கினார்கள்.

கண்ணாடிக்காரர் கிழக்குச் சுவர் ஓரம் போய் மண்டியிட்டார். பையிலிருந்து பிளாஸ்டர் பொடியை எடுத்து, சுண்ணாம்புக் கிண்ணத்தில் கொட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தார். நாலு, ஏழு, ஒன்பது. அந்த மூன்று எண்களிலும் பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுவரைத் துடைத்து, மெல்லிசுக் கண்ணாடியைக் குறுக்கே வைத்து இரண்டு முனையையும் பிளாஸ்டரில் இறுக்கினார். மூச்சுவிட இடமில்லாமல் இறுக்கினார். முப்பது வருஷமாகச் செய்யக்கூடாது என்று நினைத்த வேலை.

செயலாளர் கீழ்ப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு நேரம்?" என்றாள்.

"இறுக கால்மணி."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்குத் தெரியாதும்மா. நல்ல கண்ணாடி. குமிழ் இல்ல, கீறல் இல்ல. தானா உடையாது."

கால்மணி கடந்திருக்கும், மேலே ஒரு அலமாரியை இழுத்தார்கள். தூசி உதிர்ந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். நகத்தை நகத்தால் சுண்டினாற்போல. ஒன்பதாம் எண் கண்ணாடியின் நடுவில் ஒரு கோடு நின்றது.

"டிக்குன்னுது!" என்று முறக்காரப் பெண் பின்வாங்கினாள். படியில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அலமாரி இழுத்தா அதிராதா?" என்றாள் டீக்கடைக்காரம்மா. ஆனால் குரலில் முந்தைய சூடு இல்லை.

"அப்ப யாரும் எதையும் இழுக்காதீங்க" என்றாள் செயலாளர். எழுந்து நின்றாள். "இதை மட்டும் செய்ங்க எனக்காக. இறங்கி வாசல் பக்கம் வந்து நில்லுங்க. பேசாம, அசையாம, கொஞ்ச நேரம். அதுக்கும் ஓட்டு வேணுமா சார்?"

போஸ்ட் மாஸ்டர் தலையை அசைத்தார். அவரே முதலில் இறங்கினார். ஐம்பது பேர் வாசலை ஒட்டி நெருக்கமாக நின்றார்கள். மகளும் அவளோடு இருந்தவர்களும் மட்டும் மிஷின்களை விட்டு வராமல் மேலேயே அசையாமல் நின்றார்கள். யாரோ இருமலை அடக்கினார்கள். மழை வெளியே சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. சுவருக்குள் எங்கோ மணல் சரிகிற சத்தம், யாரோ நடு இரவில் அரிசி களைவதைப் போல, மெதுவாகக் கேட்டது. அதை அவர்கள் வாரக்கணக்காகக் கேட்டிருக்கிறார்கள். எலி என்று நினைத்திருக்கிறார்கள்.

டிக்.

ஏழாம் எண். கண்ணாடி இரண்டாகி, இரண்டு பாதியும் பிளாஸ்டரில் தொங்க, நடுவில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. எதுவும் அசையவில்லை.

ஒருவரும் ஓட்டுக் கேட்கவில்லை. முன்னால் நின்றவர்கள் திரும்பினார்கள், பின்னால் நின்றவர்கள் ஏற்கெனவே தெருவில் இறங்கியிருந்தார்கள். டீக்கடைக்காரம்மா முறக்காரப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போஸ்ட் மாஸ்டர் வாசலில் நின்று வெளியேறுகிறவர்களை எண்ணினார்.

"மேல" என்றாள் செயலாளர்.

கண்ணாடிக்காரர் அதற்குள் பாதிப் படியில் இருந்தார். மேல்கூடத்துக் கதவு மூடியிருந்தது. யாரும் பூட்டவில்லை. மேல்சட்டம் இறங்கிக் கதவின் தலையை அழுத்திக்கொண்டு நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து மருமகன் இடிக்கிற சத்தம் கேட்டது.

"மாமா, இறுகிடுச்சு! காலையில இழைச்ச கதவு மாமா!"

"கதவை இடிக்காதீங்க! நடுப்பலகையை உடைங்க. உளி இருக்கா?"

"இருக்கு!"

தன் கையால் செய்த கதவின் பலகையை அவன் உள்ளிருந்து பிளந்தான். மரம் கிழிகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணாடிக்காரர் சுவரைப் பார்த்தார். முதலில் தையல் பெண்கள் குனிந்து வெளியே வந்தார்கள். பிறகு மகள். ஒரு மிஷினின் தலையை மட்டும் கழற்றி மார்போடு அணைத்திருந்தாள்.

"அதைப் போடுடி!"

"போடமாட்டேன்ப்பா!"

"சரி, வா. எதையோ தூக்கிட்டு வந்து தொலை" என்று அவளையும் மிஷினையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மருமகன் கடைசியாக வந்தான். கையில் உளி அப்படியே இருந்தது.

வாசலில் செயலாளர் மகளை வாங்கிக்கொண்டாள். அவள் தலை, தோள், கை என்று தடவிப் பார்த்தாள். "அம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று மகள் சொன்னதும் ஓங்கி முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அழுதாள்.

எதிர்சாரியில், டீக்கடைத் தகரத்துக்கு அடியிலும் அதற்கு வெளியே மழையிலுமாக எல்லாரும் நின்றார்கள். கட்டடம் எப்போதும் போலவே நின்றது. கழுவிய ஜன்னல்கள், மெழுகு போட்ட படிகள், நாளைக்காகக் கட்டிய தோரணம், நின்றுபோன கடிகாரம். பார்க்க அழகாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் யாராலும் முடியவில்லை.

"அறுபத்து மூணு" என்றார் போஸ்ட் மாஸ்டர். "எல்லாரும் வந்தாச்சு." காகிதம் நனைந்து அவர் விரலில் ஒட்டியிருந்தது.

டீக்கடைக்காரம்மா ஒரு நாற்காலியைத் துடைத்துச் செயலாளரின் பக்கத்தில் போட்டாள். செயலாளர் உட்காரவில்லை. நோட்டை முந்தானைக்குள் வைத்து நனையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் இருந்த ஒவ்வொரு முழுசும் இப்போது அவளுக்குப் பொய்யாகத் தெரிந்தது. கண்ணாடிக்காரர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். கையெல்லாம் பிளாஸ்டர் காய்ந்து வெள்ளையாக இருந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தெரு அகலத்தையும் மழையையும் தாண்டி வரக்கூடிய சத்தமில்லை அது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. கண்ணாடிக்காரர் மட்டும் தலையை மெல்ல நிமிர்த்தினார்.

"மூணாவது" என்றார்.